செஞ்சியில் எஞ்சிய கல்லும் பெயர்ந்த தூணும்

செஞ்சி நாயக்கர் அரண்மனையில் கட்டிலும் இருக்கையும் திரைச்சீலையும் எவ்வாறு அமைந்திருந்தன என ஆராயப் புகுவோர்க்குக் கிடைப்பது பெரும்பாலும் கல்லே. 1649இல் பீசப்பூர்ப் படையும், 1677இல் சிவாசியும், 1698இல் மொகலாயரும், 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் கைக்கொண்ட கோட்டையில் மரமும் துணியும் எங்ஙனம் எஞ்சும்?

அரசர் நீராடிய கல்லென மக்கள் வழங்கும் வழவழப்பான பலகைக்கல் ஒன்று அங்குண்டு. அஃது ஏறத்தாழ 15 அடிச் சதுரம். தடிப்போ 4 அல்லது 5 அங்குலமே. மன்னர் அதில் அமர்ந்தாரோ இல்லையோ, அத்துணை மெல்லிதாகப் பிளந்து தேய்த்த கல்தச்சரின் திறன் ஐயத்திற்கு இடமற்றது. அரண்மனைத் தட்டுமுட்டுப் பொருள்களுள் அதனையும் வைத்து எண்ணுதல் தகும் என்பது எம் கருத்து.

வேங்கடரமணர் கோயிலின் நிலை வேறு. அதன் வெறுமைக்குப் போரையே காரணமாகக் கூறுவர். அது முழுதும் பொருந்தாது. அழகிய தூண்களைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுசென்று நகருக்கு அணியாக்கினர். 1870இல் நிறுவப்பெற்ற டூப்ளே சிலையைச் சூழ நின்ற அவை, இன்று அந்நகரின் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்கின்றன. அக்கோயிலின் சிற்பத்தை எழுதுவோர் செஞ்சியோடு நில்லாது புதுச்சேரிக் கடற்கரையிலும் அளவெடுத்தல் வேண்டும்.