மீன்தொட்டிக்கு எந்த விளக்கு?

தங்கமீன் வளர்க்கும் அரியலூர் மாணவர் ஒருவர், விலை கூடிய நீல விளக்கை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். வரலாற்றாசிரியனிடம் கேட்டால் வரலாறுதானே வரும்!

1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தபோது பகல் வெளிச்சமே விளக்கு. வெயில் ஏறினால் தண்ணீர் சூடாகும், பாசி பிடிக்கும். பின்னால் வந்த குண்டு பல்பு வெளிச்சத்தைவிடச் சூட்டையே அதிகம் தந்தது. டியூப் லைட் அதைக் குறைத்தது. பிரகாசமான நீல எல்.இ.டி. 1990களில்தான் வந்தது, அதற்காக ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014இல் நோபல் பரிசு.

தெளிந்த கடல்நீரில் ஆழமாக இறங்குவது நீல ஒளி. பவளத்துக்குள் வாழும் நுண்பாசி அதை வைத்தே உணவு தயாரிக்கிறது. பக்கத்துக் கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லில் பவளப் படிவங்கள் உண்டு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெளிச்சம் இறங்கிய ஆழமில்லாக் கடல். நீல விளக்கு அந்தக் கடலுக்கானது தம்பி, உங்கள் தங்கமீனுக்கு அல்ல.

சாதாரண வெள்ளை எல்.இ.டி. போதும், நாளுக்கு 8 மணி நேரம். நம்மூர் வெயிலில் ஜன்னலோரம் வேண்டாம். இரவில் அணைத்துவிடுங்கள், தங்கமீனுக்குக் கண்ணை மூட இமை கிடையாது.