ஜின்சு நதிக்கரையின் நோய்

ஹிடா மலைநாட்டில் தோன்றி, தோயாமாச் சமவெளியினூடாக வடக்கே கடலை நோக்கிப் பாயும் யப்பானிய ஆறு ஒன்றுக்கு ஜின்சு என்று பெயர். அதன் இரு கரைகளிலும் நெல்வயல்கள். வயலுக்குப் பாய்ச்சவும், குடிக்கவும், சமைக்கவும் அவ்வாற்று நீரையே அங்குள்ள கமக்காரர் தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்தனர்.

அக்கரையோரக் கிராமங்களில் ஏறக்குறைய 1912ஆம் ஆண்டளவிலிருந்து விசித்திரமான நோயொன்று தலைகாட்டியது. நடுவயதைத் தாண்டிய, பல பிள்ளைகளைப் பெற்றெடுத்த பெண்களையே அது பெரிதும் பிடித்தது. முதலில் இடுப்பிலும் தொடையிலும் வலி எடுக்கும். பின்னர் நடை தளர்ந்து, தாரா நடப்பது போலாகும். ஈற்றில் எலும்புகள் மென்மையுற்று, இருமினாலே விலாவெலும்பு முறியும் நிலை வரும். படுக்கையிற் கிடந்த அப்பெண்கள் ஓயாது சொன்ன சொல் ‘இத்தாய், இத்தாய்’ என்பது. எமது பேச்சிற் சொல்வதானால் ‘நோகுது, நோகுது’. 1955இல் உள்ளூர்ப் பத்திரிகையொன்று அந்தச் சொல்லையே நோயின் பெயராக அச்சிட்டது. அதுவரை ஊரார் அதனை முன்வினைப் பயன் என்றே கருதினர். நோயாளி இருந்த வீடுகள் அதனை மறைத்தன. அவ்வூர்களுக்குப் பெண் கொடுக்கவும் அயலார் தயங்கினர். வினை இருந்தது மெய்தான். ஆனால் அது அப்பெண்கள் செய்த வினையன்று.

ஆற்றின் மேற்பகுதியில், கிபு மாவட்டத்தின் எல்லைக்குள், கமியோக்காச் சுரங்கம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிட்சுயி நிறுவனம் அதனைத் தன்வசமாக்கிற்று. வெள்ளியும் ஈயமும் எடுத்த அவ்விடத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நாகமும் பெருமளவில் எடுக்கப்படலாயிற்று. போர்கள் வந்தபோதெல்லாம் உற்பத்தி பெருகியது. நாகத்தின் தாதுவோடு இயற்கையாகவே கட்மியம் என்னும் உலோகம் கலந்திருக்கும். கொம்பனிக்கு அது நெடுங்காலம் வேண்டாப் பொருள். வேண்டாப் பொருளைச் செலவின்றி அகற்ற ஆற்றைவிட வசதியான வழி வேறேது? ஆறு அதனை வயலுக்குக் கொண்டுசென்றது. வயலின் சேறு பிடித்து வைத்தது. நெற்பயிர் உறிஞ்சிச் சோற்றில் இட்டது.

உலகப் போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பிய ஹகினோ நொபோரு என்னும் வைத்தியர், தமது குடும்ப வைத்தியசாலையின் வாயிலில் இந்நோயாளிகளைக் கூட்டமாகக் கண்டார். அதிக உழைப்பும் போசாக்கின்மையுமே காரணம் என்று அவரும் முதலில் நினைத்தார். ஆயின் அயற்கிராமத்துப் பெண்களும் அதே உழைப்பை உழைத்தனர், அதே வறிய உணவையே உண்டனர்; அவர்களுக்கு இந்நோய் இல்லை. நோயாளிகளின் வீடுகளை அவர் வரைபடத்திற் குறித்தார். குறிகள் யாவும் ஜின்சு ஆற்று நீர் பாயும் நிலத்திலேயே விழுந்தன. 1957இல் சுரங்க நஞ்சே காரணம் என்று அவர் அறிவித்தபோது, நாட்டுப்புற வைத்தியரின் கற்பனை என்று எள்ளினர் பலர். கோபயாஷி ஜுன் என்னும் அறிஞரின் இரசாயனப் பகுப்பாய்வு துணைசெய்ய, 1961இல் ஹகினோவும் விவசாய அறிஞரான யொஷியோக்காவும் கட்மியத்தைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டினர்.

இதிலே வேதனையான உண்மை ஒன்றுண்டு. கட்மியம் மனிதனை எவ்வாறு கெடுக்கும் என்பது அன்று முற்றிலும் அறியப்படாத விடயமன்று. 1950இலேயே சுவீடனில் லார்ஸ் பிறிபேர்க் என்பவர், மின்கலத் தொழிற்சாலையிற் கட்மியத் தூசியைச் சுவாசித்த தொழிலாளரை ஆராய்ந்து, அவர்களின் சிறுநீரகங்கள் பழுதுற்றுச் சிறுநீரிற் புரதம் கழிவதை எழுதியிருந்தார். தொழிலாளியின் தேகத்தில் ஐரோப்பா கண்டதை, கமக்காரப் பெண்ணின் தேகத்தில் யப்பான் காணப் பதினொரு ஆண்டுகள் சென்றன.

நோயின் தொடக்கம் எலும்பிலன்று, சிறுநீரகத்திலேயே என்பதைக் கவனிக்க வேண்டும். உணவோடு உட்சென்ற கட்மியம், ஈரலில் ஒருவகைப் புரதத்தோடு பிணைகிறது. அங்கிருந்து குருதி வழியே சிறுநீரகத்தை அடைகிறது. சிறுநீரகம் வடித்ததில் உடலுக்கு வேண்டியதை மீட்டெடுக்கும் சிறுகுழாய்கள், அந்தப் புரதத்தையும் நல்லதென்றே எண்ணி மீட்டுக்கொள்கின்றன. புரதம் சிதைய, உலோகம் அங்கேயே தங்கிவிடுகிறது. இவ்வாறு தங்கியதில் பாதி வெளியேறுவதற்கே 10 முதல் 30 ஆண்டுகள் வேண்டும். கலங்கள் நலிந்ததும் மீட்கும் வேலை குழம்புகிறது. புரதமும் குளுக்கோசும் பொசுபேற்றும் கல்சியமும் சிறுநீரோடு வீணாகின்றன. விற்றமின் டீயைப் பயன்படு வடிவுக்கு மாற்றும் பணியும் சிறுநீரகத்தினுடையதே, அதுவும் தளர்கிறது. எலும்பு கரைவது இதற்குப் பின்னரே. பிள்ளைப்பேறும் பாலூட்டலும் உடலின் கல்சியத்தை முன்னரே குறைத்திருந்தன. இரும்புச் சத்துக் குறைந்த உடல் கட்மியத்தை மேலும் கூடுதலாக உறிஞ்சும். வறுமையும் தாய்மையும் ஒன்றுசேர்ந்த தேகத்தை நஞ்சு எளிதிற் பிடித்தது இவ்வாறுதான்.

இவ்விடத்தில் எம் நாட்டு வாசகருக்கு வடமத்திய மாகாணத்தின் நினைவு எழுதல் இயல்பு. 1990களிலிருந்து அங்குள்ள கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோயிலும் கட்மியத்தின்மேற் சந்தேகம் எழுந்தது. ஆயின் அங்கே விடயம் தீர்ந்தபாடில்லை. ஆசனிக்கு, புளோரைட்டு, நீரின் கடினத்தன்மை, விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரின்றி உழைத்தல் எனப் பல காரணங்களைப் பலர் சுட்டுகின்றனர். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு. ஜின்சுவில் ஆற்றின் தலையில் ஒரு சுரங்கமும் அதற்கு ஓர் உரிமையாளரும் இருந்தனர்.

1966இல் நோயுற்ற குடும்பத்தார் சங்கமாகத் திரண்டனர். 1968 மார்ச்சில் தோயாமா நீதிமன்றத்தில் மிட்சுயிமீது வழக்குத் தொடுத்தனர். அதே ஆண்டு மே 8ஆம் திகதி யப்பானிய சுகாதார அமைச்சு, கட்மியம் முதலிற் சிறுநீரகத்தையும் அதன்வழி எலும்பையும் கெடுத்தது என ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு நோயாளியும் எவ்வளவு கட்மியம் உண்டாள் என நிறுவுக என்று கொம்பனி வாதாடியது. சோற்றை நிறுத்து வைத்தா அப்பெண்கள் உண்டனர்? நோய் பரவிய விதமே போதிய சான்று என 1971 யூன் 30இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொம்பனி மேன்முறையீடு செய்து, 1972 ஓகஸ்ட் 9இல் மீண்டும் தோற்றது. நட்டஈடும் ஏறத்தாழ இருமடங்காயிற்று. மறுநாள் கமக்காரர் கொம்பனியிடமிருந்து பெற்ற உறுதிமொழிகளுள் ஒன்று, பணத்தினும் பெரிதென்பது எனது எண்ணம்: நிபுணருடன் எந்நேரமும் சுரங்கத்தினுட் சென்று சோதிக்கும் உரிமை, அதுவும் கொம்பனியின் செலவில். அன்றிலிருந்து ஆண்டுதோறும் அவர்கள் சென்றனர். ஆற்றிற் கட்மியத்தின் அளவு படிப்படியாக வீழ்ந்தது.

வயலைத் திருத்துவது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. நச்சு மண்ணைக் கீழே புதைத்து, மேலே புதுமண் பரப்பும் வேலை 1979இலிருந்து 2012 வரை நீண்டது. 860 ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலம், 4,000 கோடி யென்னுக்கு மேற்பட்ட செலவு. சுரங்கமோ 2001இலேயே தாது எடுப்பதை நிறுத்திவிட்டது. அதன் ஆழத்தில் நியூத்திரினோ என்னும் நுண்துகளைத் தேடிய ஆராய்ச்சிக்கு 2002இல் நோபல் பரிசும் கிட்டியது. கமியோக்கா என்றதும் அறிவுலகத்தார்க்கு இப்போது நினைவுக்கு வருவது அதுவே.

அரசு நோயாளிகளாக ஏற்றுக்கொண்டவர் சுமார் 200 பேர். எலும்பு மென்மையுற்றாலன்றி அப்பட்டியலில் இடமில்லை. எலும்பு பிழைத்து, சிறுநீரகம் மட்டும் கெட்டோர் அதற்கு வெளியே நின்றனர். அவர்கள் ‘நோகுது’ என்று அலறவில்லை. பழுதுற்ற சிறுகுழாய் வலிப்பதில்லை. சோதனைக் குழாயிலே புரதம் தெரிந்தது, அவ்வளவே. அன்றாட வாழ்வுக்கு அது இடையூறன்று என்று அதிகாரிகள் கூறினர்.

2013 டிசெம்பர் 17இல் கொம்பனியும் கமக்காரர் சங்கமும் கைச்சாத்திட்ட இறுதி உடன்படிக்கையிலேதான் அவர்களுக்கு முதன்முறையாக ஒரு தொகை எழுதப்பட்டது. 1975க்கு முன்னர் 20 ஆண்டுகளேனும் அந்த மண்ணில் வாழ்ந்து, சிறுநீரகம் பழுதுற்றவருக்குத் தலைக்கு ஆறு இலட்சம் யென். கொம்பனி தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டது. அரசாங்கம் அந்தப் பழுதை அப்போதும் நோயென ஏற்கவில்லை.