உரப்பிலிருந்து தொனியைப் பிரித்தெடுத்த வரலாறு

தில்லியில் நான் தங்கியிருக்கும் பல்கலைக்கழக விடுதியில், முதுகலை மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வியோடு வந்தார். 20 வாட் வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பிறர் பயன்படுத்திய நிலையில் வாங்கியிருக்கிறார். ஒலியளவுக் குமிழை மூன்றைத் தாண்டித் திருப்பினால் பக்கத்து அறையினர் கதவைத் தட்டுகின்றனர். மூன்றுக்குக் கீழே வைத்தால், எந்தத் தொனிக்காக அதை வாங்கினாரோ அந்தத் தொனி வருவதில்லை. அட்டெனுவேட்டர் வாங்குவதா, லோட் பாக்ஸ் வாங்குவதா, இரண்டில் எதைத் தேர்வது என்பது அவர் ஐயம். இந்தப் பெட்டிகள் ஏன் தேவைப்பட்டன என்பதை அறிந்தால் எந்தப் பெட்டி தேவை என்பது தானே விளங்கும் என்று எனக்குத் தோன்றியது. தொழில்நுட்ப வரலாறு பயிலும் நண்பர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், அவரிடம் சொன்னதைச் சற்றே விரித்து இங்கே எழுதுகிறேன்.

லீ டி ஃபாரஸ்ட் 1906இல் மூன்று மின்வாய் கொண்ட வால்வை உருவாக்கியது முதல், ஒலிப் பொறியாளர்களின் இலக்கு ஒன்றாகவே இருந்தது: உள்ளே வரும் அலை உருமாறாமல் பெரிதாகி வெளியே வரவேண்டும். வால்வு தன் எல்லைக்குள் இயங்கும்வரை இது ஏறத்தாழ நிறைவேறுகிறது. எல்லையைத் தாண்டத் தூண்டினால் அலையின் முகடும் அகடும் தட்டையாகி, மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. பொறியாளர் மொழியில் இதற்குத் திரிபு என்று பெயர். பாடநூல்களில் அது களையப்பட வேண்டிய குற்றம். 1930களின் தொடக்கத்தில் மின்சார கிட்டார் சந்தைக்கு வந்தபோது அதற்கென அமைந்த ஆம்ப்ளிஃபயர்களும் இந்தக் குற்றத்தைத் தவிர்க்கவே முயன்றன.

குற்றம் குணமாக மாறியது விபத்துகளின் வழியே. 1951இல் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘ராக்கெட் 88’ பதிவானபோது, வழியில் சேதமடைந்த ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரில் காகிதத்தைத் திணித்துச் சமாளித்தனர் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. 1958இல் லிங்க் ரே தம் ஸ்பீக்கரின் கூம்பில் பென்சிலால் துளையிட்டார். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சவர பிளேடால் கூம்பைக் கீறினார். இம்மூன்று நிகழ்வுகளிலும் திரிபுக்கு முதற்காரணம் சிதைந்த கூம்பு. சிதைந்த கூம்பு மெல்ல வாசித்தாலும் கரகரக்கும். உரத்து ஒலிக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. தொனி உரப்போடு பிணைக்கப்பட்டது இதற்குப் பிந்திய கதை.

அந்தப் பிணைப்பு லண்டனில் நிகழ்ந்தது. ஹான்வெல் பகுதியில் மேளக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962இல் தம் உதவியாளர்களுடன் ஜேடிஎம்45 என்ற ஆம்ப்ளிஃபயரை உருவாக்கினார். அதன் மின்சுற்று, கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் செய்த பாஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயரை அடியொற்றியது. 1966இல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவுடன் இசைத்தட்டு பதிவுசெய்ய டெக்கா கூடத்துக்கு வந்த எரிக் கிளாப்டன், தம் மார்ஷலை மேடையில் வாசிக்கும் அதே உரப்பில்தான் வாசிப்பேன் என்று நின்றார். மெல்ல வாசித்து மைக்கை அருகே வைப்பதே அன்றைய ஒலிப்பதிவு மரபு. பொறியாளர்களுக்கு இது பெருந்தலைவலி. ஆனால் அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அவர் நாடிய தொனி இறுதிநிலைப் பவர் வால்வுகளும், வெளியீட்டு மின்மாற்றியும், ஸ்பீக்கரும் ஒருசேரத் தத்தம் எல்லையில் உழைக்கும்போது மட்டுமே பிறப்பது. உரப்பைக் குறைத்தால் அந்தத் தொனியே இல்லாமற்போகும்.

அதே காலத்தில் தி ஹூ குழுவின் பீட் டவுன்சென்ட் முதலியோர் இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் கேட்டனர். மார்ஷல் 100 வாட் கருவிகளைச் செய்து தந்தார். அரங்குகள் பெரிதாகிக்கொண்டிருந்தன, மேடை இசை முழுவதையும் மைக் வழியே வாங்கி அரங்குக்கு வழங்கும் அமைப்புகள் அன்று போதிய வளர்ச்சி பெறவில்லை. ஆகவே 100 வாட் என்பது முதலில் அரங்கை நிரப்புவதற்கான விடை. 1970களில் அரங்க ஒலியமைப்புகள் வளர்ந்தபின் அந்தத் தேவை பெருமளவு மறைந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறையின் காது அந்தத் தொனிக்குப் பழகிவிட்டிருந்தது. தேவை போனபின்னும் அதன் உரப்பு எஞ்சி நின்றது.

‘குறைந்த வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் போதாதா?’ என்று மாணவர் கேட்டார். இங்கே சற்றுக் கணக்குப் பார்க்க வேண்டும். டெசிபல் மடக்கை அளவுகோல். திறனைப் பாதியாக்கினால் குறைவது 3 டெசிபல் மட்டுமே. பத்தில் ஒரு பங்காக்கினால் 10 டெசிபல் குறையும்; காதுக்கு அது ஏறத்தாழப் பாதி உரப்பாகப் படும். கிட்டார் ஸ்பீக்கர்கள் திறன்மிக்கவை: 1 வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபல் அளவுக்கு ஒலிக்கக்கூடியவை பல. அப்படியாயின் 20 வாட் ஆம்ப்ளிஃபயர் 113 டெசிபலைத் தொடும். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்கு வகுத்துள்ள வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரண்டும் வேறு வேறு இடத்தில் வேறு வேறு முறையில் அளக்கப்படுவன என்றாலும், இடைவெளி எத்தகையது என்பது புரியும். ஒரு வாட் ஆம்ப்ளிஃபயர்கூட விடுதி அறைக்கு அடங்காது.

முட்டுக்கட்டையை உடைக்க முதலில் வந்த வழி மாஸ்டர் வால்யூம். 1975இல் மார்ஷலும் அத்தகைய மாதிரியைக் கொண்டுவந்தது. முன்னிலை வால்வுகளில் திரிபை உண்டாக்கி, இறுதிநிலைக்குச் செல்லும் அலையை மட்டுப்படுத்துவது இதன் முறை. இதிலிருந்து தனியொரு தொனி மரபே வளர்ந்தது. ஆயினும் பவர் வால்வின் திரிபுக்கு அது ஈடாகாது என்போர் இருந்தனர். இரண்டாவது வழி, சுவர் மின்சாரத்தின் அழுத்தத்தையே வேரியாக் கொண்டு குறைப்பது. எட்டி வான் ஹேலன் கையாண்டது. மூன்றாவது வழி, ஆம்ப்ளிஃபயரை முழு வீச்சில் இயங்கவிட்டு, அது தரும் திறனில் பெரும்பகுதியை ஸ்பீக்கரை அடையுமுன்னே வெப்பமாக்கி விடுவது. அட்டெனுவேட்டர் செய்வது இதைத்தான்.

இந்த மூன்றாம் வழியைப் பரவலாக்கியவர்களுள் டாம் ஷோல்ஸின் பின்னணி கவனத்துக்குரியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரவியல் படித்து, போலராய்ட் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே, வீட்டின் கீழ்த்தளத்தில் ஒலிப்பதிவு செய்தவர் அவர். 1976இல் வெளிவந்த பாஸ்டன் குழுவின் முதல் இசைத்தட்டின் பெரும்பகுதி அங்கே உருவானது. 1980இல் தாமே நிறுவனம் தொடங்கி ‘பவர் சோக்’ என்ற அட்டெனுவேட்டரை விற்றார். உரப்பு பிறந்தது அரங்கில். அதை அடக்கும் கருவிக்குச் சந்தை அமைந்தது வீட்டில் வாசிப்போரிடம்.

அக்காலக் கருவிகளில் பல, அடிப்படையில் பெரிய மின்தடைகளே. அவற்றின் மீது எழுந்த குறை, குறைக்கக் குறைக்கத் தொனி மழுங்குகிறது என்பது. இதற்கு இரு காரணங்கள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் தவறான பெட்டியை வாங்குகின்றனர்.

முதற்காரணம் ஸ்பீக்கரின் இயல்பு. 8 ஓம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் அதன் மின்னெதிர்ப்பு நிலையானதன்று. கிட்டாரின் தடித்த தந்தி எழுப்பும் 82 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அண்மையில், ஒத்ததிர்வு காரணமாக அது 8 ஓமைப் போலப் பல மடங்கு உயர்கிறது. இடைப்பகுதியில் தாழ்ந்து, உயர் அதிர்வெண்களில் கம்பிச்சுருளின் தூண்டலால் மீண்டும் ஏறுகிறது. வால்வு ஆம்ப்ளிஃபயர் இந்த ஏற்ற இறக்கத்தை உணர்ந்து அதற்கேற்பத் தன் ஒலியை வளைக்கிறது. தட்டையான மின்தடையை எதிரே வைத்தால் அந்த உரையாடல் அறுந்துபோகிறது. இதற்கு மாற்றாக வந்தவையே ரியாக்டிவ் லோட் எனப்படுபவை. சுருள்களும் மின்தேக்கிகளும் கொண்டு ஸ்பீக்கரின் மின்னெதிர்ப்பு வளைவைப் போலவே நடிப்பவை. வெபர் நிறுவனம் கூம்பில்லாத ஸ்பீக்கர் இயக்கியையே பெட்டிக்குள் வைத்தது.

இரண்டாம் காரணம் நம் காது. 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்வின்படி, உரப்பு குறையும்போது தாழ்ந்த சுரங்களும் மிக உயர்ந்த சுரங்களும் நம் செவிக்கு அதிகமாகக் குறைந்து கேட்கின்றன. கூம்பும் அத்தனை மெல்லிய ஒலியில் தன் எல்லையை நெருங்குவதில்லை. இந்த இழப்பை எவ்வளவு விலையுயர்ந்த அட்டெனுவேட்டராலும் முழுதும் ஈடுசெய்ய முடியாது.

இப்போது தேர்வுக்கு வரலாம். முதற்கேள்வி: உங்கள் தொனி எங்கே பிறக்கிறது? மாஸ்டர் வால்யூமிலோ பெடலிலோ பிறக்கிறதென்றால் அட்டெனுவேட்டரால் பெரிய பயன் இல்லை. குமிழைக் குறைத்தாலே போதும். பவர் வால்வில் பிறக்கிறதென்றால் அடுத்த கேள்வி: எவ்வளவு குறைக்க வேண்டும்? மேடையிலோ பயிற்சிக் கூடத்திலோ சில டெசிபல் மட்டும் குறைத்தால் போதுமெனில் எளிய மின்தடை வகையே போதும். வேறுபாட்டைப் பலரும் உணர மாட்டார்கள். குறைப்பு மிகுந்தால் ரியாக்டிவ் வகை நல்லது. நம் மாணவரின் நிலை வேறு. 113 டெசிபலிலிருந்து உரையாடல் ஒலிக்குச் சற்று மேலான 73 டெசிபலுக்கு இறங்க 40 டெசிபல் குறைக்க வேண்டும். 20 வாட்டில் 2 மில்லிவாட் மட்டுமே ஸ்பீக்கருக்குச் செல்லும். அந்த நிலையில் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை. அவருக்கு ஏற்றது, ஸ்பீக்கரே இல்லாமல் முழுத் திறனையும் தாங்கிக்கொண்டு, சிறிய மின்னலையை மட்டும் வெளியே தரும் லோட் பாக்ஸ். அந்த அலையை, ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் எவ்வாறு ஒலிக்கும் என்பதைப் பதிந்துவைத்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் வழியே செலுத்தி ஹெட்ஃபோனில் கேட்கலாம். பிரான்சின் டூ நோட்ஸ் நிறுவனத்தின் டார்பிடோ வரிசையும், 2018இல் யூனிவர்சல் ஆடியோ வெளியிட்ட ஆக்ஸும் இந்த வகையைச் சேர்ந்தவை.

எதை வாங்கினாலும் மாறாத விதிகள் சில உண்டு. ஆம்ப்ளிஃபயரும் பெட்டியும் ஒரே ஓம் அளவில் பொருந்தவேண்டும். பெட்டியின் தாங்குதிறன் ஆம்ப்ளிஃபயரின் வாட்டைவிடத் தாராளமாக இருக்கவேண்டும். முழுதும் தட்டையான அலை, அதே உச்ச மின்னழுத்தம் கொண்ட சைன் அலையைப் போலக் கோட்பாட்டளவில் இரு மடங்கு திறன் சுமப்பது. இணைப்புக்கு ஸ்பீக்கர் கேபிளையே பயன்படுத்துக. கிட்டார் கேபிள் ஆகாது. சுமையே இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஒருபோதும் வாசிக்கலாகாது: மின்மாற்றியில் எழும் மிகை மின்னழுத்தம் அதன் காப்பையும் வால்வுகளையும் அழித்துவிடும். மற்றொன்று, உரப்பு குறைந்தாலும் வால்வுகளின் உழைப்பு குறைவதில்லை. ஒரு காலத்தில் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வால்வுகள் செய்தது. இன்று புதிய வால்வு என்றால் ரஷ்யாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ ஸ்லோவாக்கியாவிலிருந்தோ வரவேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் கொள்க.

இறுதியாக, இந்த வரலாற்றில் நான் முதன்மையானதாகக் கருதும் ஒன்று. 100 வாட் கேட்டு வாங்கிய பீட் டவுன்சென்ட், பின்னாளில் தம் செவித்திறன் இழப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். மேடையைக் காட்டிலும், ஒலிப்பதிவுக் கூடத்தில் அணிந்த ஹெட்ஃபோன்களையே அவர் அதற்குக் காரணமாகக் கூறினார். லோட் பாக்ஸ் பக்கத்து அறையைக் காப்பாற்றுகிறது. வாசிப்பவரின் காதைக் காப்பாற்றும் என்பதற்கு அதில் எந்த உறுதியும் இல்லை. பணியிடப் பாதுகாப்புக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் தரும் பரிந்துரைப்படி, 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு எஞ்சுவது 15 நிமிடம். கதவைத் தட்ட அண்டை அறையினர் இல்லாதபோது, நள்ளிரவில் ஹெட்ஃபோனின் குமிழைத் திருப்பும் விரலைத் தடுக்க ஒருவரும் இல்லை.

உரப்பிலிருந்து தொனியைப் பிரித்தெடுக்கப் பொறியாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. பிரித்தெடுத்தபின் மீண்டும் உரப்பையே நாடுவது அந்த உழைப்பை வீணாக்குவதாகும். மாணவரிடம் நான் முடிவாகச் சொன்னதும் இதுவே: ரியாக்டிவ் லோட் பாக்ஸ் வாங்குங்கள், முதல் நாளே, பகல் வெளிச்சத்தில், ஹெட்ஃபோனின் ஒலியளவு எங்கே நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானித்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவையுங்கள்.