கொட்டியாரக் குடாவுக்கு எந்த மோட்டார், எந்தத் திரை?

வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கிய பங்குனி மாதத்துக் காலை அது. திருக்கடலூர்க் கரையில் என் மாமா தன்னுடைய பதினெட்டு அடி பைபர் படகில் மீன்தேடும் கருவி ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தார். நகரத்துக் கடை ஒன்றில் பாவித்த சாமானாக வாங்கியது. அதற்காக மாமியின் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. நானும் கூடப் போனேன். கரையோரத்தில் 12 மீற்றர், 20 மீற்றர் என்று ஒழுங்காகக் காட்டிக்கொண்டு வந்த திரை, சுவாமி மலையைக் கடந்து வெளியே போகப்போக இலக்கத்தை மினுக்கத் தொடங்கியது. பிறகு வெறும் கோடுகள் மட்டுந்தான்.

"இந்தப் பெட்டிக்குக் கடல் முடிஞ்சுபோச்சு பிள்ளை" என்றார் மாமா.

பெட்டியில் பழுதில்லை. அது ஆழமில்லாத நீருக்குச் செய்யப்பட்டது. திருகோணமலையின் கடலடி அப்படிப்பட்டதல்ல. கொட்டியாரக் குடாவிலிருந்து வெளிக்கடலை நோக்கி ஒரு பெரும் பள்ளத்தாக்கு இறங்குகிறது. கரையிலிருந்து சில கிலோமீற்றருக்குள்ளேயே ஆழம் ஆயிரம் மீற்றரைத் தாண்டிவிடும். நீலத்திமிங்கிலங்கள் இந்தக் கரைக்கு இவ்வளவு அருகில் வந்துபோவதும் அதனால்தான். இதைக் கடைக்காரர் கேட்கவுமில்லை, மாமா சொல்லவுமில்லை.

அதன்பிறகுதான் இந்தக் கருவிகளைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் படித்தது ஊடகக் கற்கை, கடலல்ல. ஆனால் கடன்பட்டு வாங்கப்போகும் ஒருவர் கடைக்குள் நுழையுமுன் தெரிந்திருக்கவேண்டியவை எவை என்று இப்போது ஓரளவு சொல்லலாம்.

"அந்தக் காலத்தில் மெசினா வைத்து மீன் பிடித்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு மலைமுனைகளை ஒன்றோடொன்று ஒத்திப் பார்த்து, அந்தக் கோட்டிலே நின்று கல்லுப்பாரைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் பெரியவர்கள். அந்தக் கணக்கு தகப்பனிடமிருந்து மகனுக்குக் கடலில்தான் கைமாறும். யுத்த காலத்தில் எஞ்சினின் வலுவுக்குக் கட்டுப்பாடு, போகும் நேரத்துக்குக் கட்டுப்பாடு, பாஸ் இல்லாவிட்டால் படகே இல்லை. 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் 2015, 2016 வரையில் தங்கள் கரையை மிதிக்கவில்லை. முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு எந்த முனையை எந்த மரத்தோடு ஒத்துவது என்று யார் காட்டியிருப்பார்கள்? ஆகவே இது சோம்பலுக்கு வாங்கும் பொருளல்ல.

முதலில் திரையைப் பார்ப்போம். கருவி படகின் அடியிலிருந்து ஒலியை அனுப்பி, கடலடியிலோ மீனிலோ பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் ஓடும். 30 மீற்றர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப வினாடியின் நூறில் நான்கு பங்கு போதும். ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் 1948இல் இதை மீனவர்களுக்கான கருவியாக விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அடிப்படை இன்றும் அதுதான்.

கடையில் கேட்கவேண்டிய முதற் கேள்வி திரை எத்தனை அங்குலம் என்பதல்ல, எத்தனை கிலோஹேர்ட்ஸ் என்பது. 200 கிலோஹேர்ட்ஸ் ஒலி நுணுக்கமாகக் காட்டும், ஆனால் ஆழம் போகாது. 50 கிலோஹேர்ட்ஸ் ஒலி ஆழம் போகும், நுணுக்கம் குறையும். மாமா வாங்கியதில் 200 மட்டுமே இருந்தது. எங்கள் கடலுக்கு இரண்டும் உள்ள கருவிதான் பொருந்தும். ஆயிரம் மீற்றர் ஆழத்தை அளக்க வேண்டிய தேவை சிறு படகுக்கு இல்லை. பள்ளம் விழத் தொடங்கும் விளிம்பைக் காட்டினால் போதும். மீன் கூடுவது அந்த விளிம்பில்தான்.

இரண்டாவது, வாட் கணக்கு. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 4,000 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். அது உச்சத்துக்கு உச்சம் எடுத்த கணக்கு. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் இலக்கமே உண்மையான வலு. 4,000 என்பது அதில் 500 மட்டுமே. இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஆர்.எம்.எஸ். இலக்கத்தையே கேளுங்கள்.

ஒலி கூம்புபோல விரிந்துகொண்டு இறங்கும். 20 பாகைக் கூம்பு 30 மீற்றர் ஆழத்தில் பத்து மீற்றர் அகலமான வட்டத்தையே பார்க்கிறது. அதற்கு வெளியே ஒரு பட்டி மீன் நின்றாலும் திரைக்குத் தெரியாது. திரையின் வலது ஓரம் மட்டுமே இப்போது படகுக்குக் கீழே உள்ளது. இடப்பக்கம் நகர்ந்தது எல்லாம் கடந்துபோன இடம். புதிதாக வாங்கியவர்கள் இடப்பக்கத்து மீனைப் பார்த்துத் தூண்டில் போடுவதைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றைக் கடைக்காரர் எவரும் சொல்லமாட்டார். எதிரொலியைப் பலமாகத் திருப்பி அனுப்புவது மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பைதான். கலவாய்க்கும் விளைமீனுக்கும் அது உண்டு. அவை அடியோடு ஒட்டி வளைகோடுகளாகத் தெரியும். அறக்குளாவுக்குக் காற்றுப்பை இல்லை. நல்ல விலை போகும் மீனைத் திரை மங்கலாகத்தான் காட்டும். அறக்குளா தேடுபவர் அதைத் தேடாமல், மேகம்போலத் தெரியும் சூடைப் பட்டியைத் தேடவேண்டும். இரை நிற்கும் இடத்துக்குக் கீழே வேட்டைக்காரன் வருவான் என்பது மாமாவுக்குத் தெரிந்த விஷயம். மேகத்தைச் சூடை என்று வாசிக்கத்தான் அவருக்குச் சில நாட்கள் எடுத்தன.

பூட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். ஒலித்தலையைப் பின்பலகையின் வெளியே பூட்டச் சொல்லும் கையேடுகள், படகுத்துறையில் கட்டிவைக்கும் படகுகளுக்கு எழுதப்பட்டவை. எங்கள் படகுகளை மணலில் இழுத்து ஏற்றுகிறோம். ஒரு கிழமையில் தலை உடைந்துவிடும். பைபர் அடித்தளம் திடமாக, நடுவில் பலகையோ நுரையோ காற்றுக்குமிழியோ இல்லாமலிருந்தால் உள்ளேயே எபொக்சியால் ஒட்டலாம். ஒலி பைபரூடாகப் போகும். ஒட்டுமுன் சோதிக்க ஒரு வழி: பொலித்தீன் பையில் நீர் நிரப்பி, தலையை அதற்குள் வைத்து அடித்தளத்தோடு அழுத்திப் பாருங்கள். ஆழம் சரியாகக் காட்டினால் அந்த இடம் நல்லது. ஒலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

காசு மட்டுமட்டாக இருந்தால் பெரிய திரையை விட்டுவிட்டு ஜி.பி.எஸ். உள்ளதை எடுங்கள் என்பது என் துணிபு. பாரைக் குறித்துவைக்கவும் இருட்டில் கரைக்குத் திரும்பவும் அதுதான் உதவும். குறித்த இடங்களைக் கொப்பியிலும் எழுதி வையுங்கள். கருவி நனைந்து செத்தால் இலக்கங்களும் அதோடு போய்விடும். பிடித்த இலக்கத்தை எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை. டைனமைட் போடுபவர்களுக்கும் ஜி.பி.எஸ். வாசிக்கத் தெரியும்.

இனி மோட்டார். மின்சார ட்ரோலிங் மோட்டார் பற்றி அண்மையில் பலர் கேட்கிறார்கள். பெயரைக் கேட்டு இழுவைமடி என்று நினைக்கவேண்டாம். 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த அடிமடி இழுவை வேறு. இது பற்றரியில் சத்தமின்றி ஓடும் சிறு மோட்டார். ஆர்வத்துக்குக் காரணம் 2022. எரிபொருள் வரிசைகளில் நின்று களைத்த அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியது. மண்ணெண்ணெய் எஞ்சினை நம்பியிருந்த வீடுகளில் அந்த மாதம் எப்படிப் போனது என்று நான் எழுதத் தேவையில்லை.

ஆனாலும் இது எஞ்சினுக்கு மாற்று அல்ல. மின் கோட்டா என்ற பெயரில் 1934இல் அமெரிக்காவின் மின்னசோட்டா, வடக்கு டகோட்டா எல்லைப்பகுதியில் தொடங்கியது இந்தத் தொழில். ஏரியில் தூண்டில் போடுபவருக்காகச் செய்தது. அதன் வலுவைக் குதிரைவலுவில் சொல்லமாட்டார்கள், தள்ளுவிசையாக இறாத்தலில் சொல்வார்கள். ஆளும் வலையும் ஏறிய நிறை ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 2 கிலோ தள்ளுவிசை என்பது பொதுக் கணக்கு. 600 கிலோ என்றால் 12 கிலோ, அதாவது 27 இறாத்தல். அது காற்றில்லாத ஏரிக்கு. கச்சான் காற்றும் நீரோட்டமும் உள்ள இடத்தில் இரட்டிப்பு வேண்டும், ஆகவே 55 இறாத்தல்.

அந்த 55 இறாத்தல் மோட்டார் முழு வேகத்தில் 12 வோல்ட் பற்றரியிலிருந்து ஏறத்தாழ 50 அம்பியர் உறிஞ்சும். 100 அம்பியர்மணி ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். கணக்குப் போடுங்கள்: ஒரு மணித்தியாலம். வெளிக்கடலில் ஓட்டம் மாறினால் அந்த ஒரு மணித்தியாலம் உங்களைக் கரைசேர்க்காது. குடாவுக்கு வெளியே போகும் எவரும் எஞ்சினை இறக்கிவிட்டு இதை ஏற்றக்கூடாது.

களப்பிலே கதை வேறு. கிண்ணியா, உப்பாறு, தம்பலகாமம் பக்கத்தில் மெதுவாக நகர்ந்து தூண்டில் போடுபவருக்கும், சுற்றுலாப் பயணிகளை ஏற்றுபவருக்கும் இது பொருந்தும். வாங்குவதென்றால் உப்புநீருக்கென்று செய்ததையே வாங்குங்கள். நன்னீர் மோட்டார் விலை குறைவு, ஆனால் உப்பு அதைத் தின்றுவிடும். தண்டின் நீளத்தையும் பாருங்கள். காற்றாடி நீர்மட்டத்துக்கு ஒரு அடியாவது கீழே நிற்கவேண்டும். வயருக்கு ஈயம் பூசிய செம்பு, பற்றரிக்கு அருகில் பியூஸ். இவற்றில் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

இரண்டையும் ஒரே கடனில் வாங்க நினைப்பவர்களிடம் நான் சொல்வது, முதலில் திரை. ஒரு பருவம் அதோடு தொழில் செய்து பாருங்கள். மோட்டாருக்கு அவசரமில்லை.

மாமா அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனார், கடையில் எடுக்கவில்லை. இப்போது அது களப்பில் தொழில் செய்யும் மச்சானின் தோணியில் இருக்கிறது. அங்கே இலக்கம் மினுங்காமல் நிற்கிறதாம். சங்கிலி இன்னும் அடகில்தான். அதை மீட்ட பிறகுதான் 50 கிலோஹேர்ட்ஸ் பற்றிப் பேசலாம் என்கிறார் மாமி.