குடும்பம் என்னும் அலகு: தன்பால் ஈர்ப்பாளரின் வாக்கும் வாழ்வாதாரமும்

தன்பால் ஈர்ப்பாளர் உரிமை கருதியே வாக்களிப்பர் என்றும், ஏனையோர் பொருளாதாரம் கருதி வாக்களிப்பர் என்றும் பிரித்து நோக்கும் போக்கு உண்டு. அண்மைக் காலக் கர்நாடக வரலாறு இப்பாகுபாடு பொருந்தாது என்பதைப் புலப்படுத்துகின்றது. தேர்தல் காலப் பொருளாதார வாக்குறுதிகள் பலவும் குடும்பத்தையே அலகாகக் கொள்கின்றன. ஆதலின் 'குடும்பம் யாது?' என்னும் வினா தன்பால் ஈர்ப்பாளருக்குப் பிழைப்பு பற்றிய வினாவும் ஆகின்றது.

இந்திய வாக்காளர் பட்டியல் பாலினத்தைக் குறிக்கும், ஈர்ப்பைக் குறிக்காது. தேர்தல் ஆணையம் 2009இல் 'பிறர்' என்னும் பகுப்பை ஏற்படுத்தியது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் வெளியான பட்டியலில் மூன்றாம் பாலினத்தவராக 48,044 பேர் இடம்பெற்றனர். தனிப்பிரிவாக அறியப்பெற்ற இவர்களை அரசின் திட்டங்களும் எட்டின. தமிழ்நாடு 2008இல் நலவாரியம் அமைத்தது. கர்நாடகம் 2021இல் அரசுப் பணிகளில் 1 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கியது. ஆண், பெண் தன்பால் ஈர்ப்பாளருக்கோ இத்தகைய பகுப்பு இல்லை. பட்டியலில் அவர்கள் பிறரோடு பிறராகக் கலந்தே நிற்கின்றனர்.

கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளில் ஒரு மாற்றம் காணப்பெறுகின்றது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை நிலைநிறுத்தியது. அதனையடுத்து வந்த 2014 தேர்தலில் காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும் தன்பால் உறவு குற்றமாகாதவாறு சட்டத்தை மாற்றுவதாக உறுதியளித்தன. 2018 தீர்ப்பு அத்தண்டனை அச்சத்தைப் போக்கியது. 2023 அக்டோபரில் தன்பால் திருமணத்துக்கு ஏற்பு மறுக்கப்பட்டது. 2024இல் அவ்விரு கட்சிகளின் அறிக்கைகளும் இணைவாழ்வுக்குச் சட்ட ஏற்பளிப்பது பற்றிப் பேசின. தண்டனையைப் பற்றிய கவலை, உடைமையையும் ஓய்வூதியத்தையும் காப்பீட்டையும் பற்றிய கவலைக்கு இடமளித்தது எனலாம்.

இதன் நடைமுறைப் பொருளை மைசூரில் காணலாம். 2023 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு அளித்த வாக்குறுதிகளுள் ஒன்றான கிருகலட்சுமித் திட்டம், அவ்வாண்டு ஆகஸ்ட் 30இல் இந்நகரிலேயே தொடங்கிவைக்கப்பட்டது. குடும்ப அட்டையில் தலைவியாகக் குறிக்கப்பெற்ற பெண்ணுக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்குவது இத்திட்டம். பிறந்தகம் நீங்கி இணைந்து வாழும் பெண்கள் இருவரின் பெயர்கள் பெற்றோரின் அட்டைகளிலேயே நீடிப்பின், அவர்கள் நடத்தும் இல்லத்துக்குத் தலைவி எவரும் இலர். இத்தகைய இணையரை ஒரே குடும்பமாகக் கருதிக் குடும்ப அட்டை வழங்குமாறு ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது 2024இல்தான். கூட்டு வங்கிக் கணக்குக்குத் தடையில்லை என்பதும் அவ்வாண்டே தெளிவுபடுத்தப்பட்டது.

மரபுரிமைச் சிக்கல் இன்னும் தீரவில்லை. மைசூரின் விஜயநகர் போன்ற, மனைகளாக வகுக்கப்பெற்ற குடியிருப்பில் இருவர் பொருள் சேர்த்து ஒருவர் பெயரில் வீடு வாங்குவதாகக் கொள்வோம். பெயருக்குரியவர் உயில் எழுதாது இறப்பின், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவ்வீடு அவருடைய உறவினரைச் சேரும்; உடன் வாழ்ந்தவருக்குப் பங்கில்லை.

இக்கவலை அனைவரையும் ஒரே கட்சியின்பால் செலுத்தும் என்று கொள்வதற்கில்லை. விலைவாசியும் வேலைவாய்ப்பும் சாதியும் வட்டாரமும் இவர்களின் தேர்விலும் இடம்பெறும். ஆயினும் அயலார் எண்ணிப் பார்க்க வேண்டாத ஒன்றை இவர்கள் எண்ணியாக வேண்டியுள்ளது. ஆட்சிக்கு வருவோர் வழங்கும் நலன் தம் இல்லத்தை இல்லமாக ஏற்று வாயில் வந்து சேருமா என்பதே அது.