வீடும் வள்ளமும் இடைநிலமும்: பேரிடருக்குப் பிந்தைய மறுகுடியமர்வு, திரேஸ்புரத்தை முன்வைத்து

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்திவிட்டுப் போனபின், தமிழக அரசு நிவாரணத் தொகைகளை உயர்த்தி அறிவித்தது. சேதமடைந்த குடிசைக்கு 5,000 ரூபாயாக இருந்தது 8,000 ஆயிற்று. முழுவதும் சேதமடைந்த கட்டுமரத்துக்கு, வலையும் சேர்த்து, 32,000 ரூபாயாக இருந்தது 50,000 ஆயிற்று. வள்ளத்துக்கு உச்சவரம்பு மானியம் 75,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமானது. குடிசையைவிடக் கட்டுமரத்துக்கு ஆறு மடங்குக்கு மேல்! நகரவாசிக்கு இது விந்தையாகத் தோன்றலாம். கடற்கரையில் கேட்டால், கலம் மிஞ்சினால் வீட்டை எப்படியும் எழுப்பிவிடலாம், வீடு மட்டும் மிஞ்சினால் உலை வைக்க முடியாது என்பார்கள். ஆகவே இந்த விகிதத்தில் பெரிய தவறு இல்லை. தவறு இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றில் இருக்கிறது.

தீயோ வெள்ளமோ ஆழிப்பேரலையோ வந்து போனபின் வருவாய்த் துறை வீட்டை எண்ணுகிறது. மீன்வளத் துறை வள்ளத்தை எண்ணுகிறது. வீட்டுக்கும் வள்ளத்துக்கும் இடையில் கிடக்கும் நிலத்தை எண்ணுவதற்கு எந்தத் துறையும் இல்லை. மறுவாழ்வு ஆண்டுக்கணக்கில் இழுபடுவதற்குச் செங்கல்லும் சிமென்ட்டும் கிடைக்காமை காரணமன்று, அந்த இடைநிலம் யாருடையது என்ற வழக்கு முடியாமையே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திரேஸ்புரம் தூத்துக்குடி மாநகரின் வடபகுதிக் கரை. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் துறைமுகம் தனியே இருக்க, இது நாட்டுப்படகுக்காரர்களின் கரை. சங்கு குளிப்பவர்களின் கரையும்கூட. முத்துக்குளிப்பு ஓய்ந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் மூச்சடக்கும் தொழில் இங்கே சங்கின் பெயரால் பிழைத்திருக்கிறது. நகரின் மழைநீரை ஏந்திவரும் பக்கிள் ஓடை கடலில் சேருவதும் இந்தப் பக்கம்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது, தாமிரபரணி கரை மீறியது, தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. பின்னர் இடிந்த வீட்டைப் புதிதாகக் கட்ட 4 லட்சம், பழுதுபார்க்க 2 லட்சம் வரை என்று அறிவித்தது. குடிசைக்கு 8,000 என்ற கணக்கோடு ஒப்பிட்டால் இது பெரும் பாய்ச்சல், அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எங்கே கட்டுவது என்ற கேள்வி அந்தத் தொகையால் தீர்வதில்லை.

கடற்கரை வீடு என்பது நான்கு சுவரோடு முடிவதில்லை. வாசலில் வலை பொத்துகிறார்கள், திண்ணையில் ஐஸ்பெட்டி, சுவரோரம் இன்ஜினும் மண்ணெண்ணெய்க் கேனும், முற்றத்து மணலில் கருவாடு காய்கிறது. விடியலுக்கு முன் வள்ளம் கரைக்கு வரும் நேரத்தில் ஏலத்துக்கு ஓடிப்போய் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீடு கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்த நேரத்துக்கு ஷேர் ஆட்டோ கிடைக்காது. கிடைத்தாலும் கூலியில் பாதி அதற்கே போகும். ஆண்களின் தொழிலைப் படகின் மதிப்பாக எழுதிவிடலாம். பெண்களின் தொழில் முழுக்க அந்த இடைநிலத்தைச் சார்ந்தது. அதற்குப் பதிவெண் கிடையாது.

தீயை இங்கே தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனெனில் அது விட்டுவைப்பது மிகக் குறைவு. வெள்ளத்தில் நனைந்த வலையை அலசிக் காயப்போட்டு, கிழிந்த இடத்தைப் பொத்திக்கொள்ளலாம். தீப்பட்ட நைலான் வலை சாம்பலாவதுகூட இல்லை. உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஈயக்குண்டுகளோடு கறுத்த கட்டியாகக் கிடக்கும். பனையோலைக் கூரைகள் நெருக்கமாக இருக்கும் தெருவில், ஆடி மாதக் கச்சான் காற்று வீசும் பகலில், ஒரு வீட்டு அடுப்புப்பொறி வரிசை முழுவதையும் கொண்டுபோகப் போதும். எரிவது கூரை மட்டுமா? ரேஷன் அட்டை, மீனவர் அடையாள அட்டை, மின்கட்டண ரசீது, அடகுச் சீட்டு எல்லாமும்தான். பட்டா இல்லாத குடும்பத்துக்கு அந்த ரசீதுகள்தாம் தான் இருந்த இடத்துக்கான ஒரே சாட்சி. தீ வீட்டோடு சேர்த்து அந்தச் சாட்சியையும் அழித்துவிடுகிறது.

இந்தக் கரைக்கு இது புதிதன்று. 1544 செப்டம்பரில் புனித பிரான்சிஸ் சவேரியார் தம் உதவியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில், வடுகர் படையெடுப்பின்போது தூத்துக்குடியில் போர்த்துகீசியத் தளபதியின் வீடும் மரக்கலமும் எரிக்கப்பட்ட செய்தி இருக்கிறது. மக்கள் எதிரேயுள்ள தீவுகளுக்கு ஓடிப்போய்ப் பசியிலும் தாகத்திலும் கிடக்கிறார்கள், தண்ணீரும் உணவும் ஏற்றித் தோணிகளை உடனே அனுப்பு என்கிறார் சவேரியார். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மதுரை நாயக்கர் ஆட்களின் நெருக்கடியிலிருந்து தப்ப, இக்கரை மீனவர்களான பரதவர்களைச் சேசு சபையார் தூத்துக்குடிக்கு எதிரேயிருந்த தீவொன்றில் குடியேற்றினார்கள். கோயிலும் வீடுகளுமாக அங்கே ஓர் ஊரே எழுந்தது. சில ஆண்டுகளில் மக்கள் பழைய கரைக்கே திரும்பிவிட்டார்கள். பாதுகாப்பான இடம் என்று பிறர் தேர்ந்துகொடுத்த இடத்திலிருந்து தொழில் இருக்கும் இடத்துக்குத் திரும்புவதை இன்றைய அலுவலர்கள் பிடிவாதம் என்கிறார்கள். நானூறு ஆண்டாக ஒரே திசையில் நடக்கும் செயலைப் பிடிவாதம் என்று சொல்லி ஒதுக்குவது ஆய்வாகாது.

தற்காலத் தமிழகம் குடிசைத் தீயை எதிர்கொண்ட விதம் வேறு. 1967இல் அண்ணா தலைமையில் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசின் தொடக்கப் பணிகளில் ஒன்று, அடிக்கடி எரிந்த சென்னைக் குடிசைகளுக்குப் பதிலாகத் தீப்பிடிக்காத வீடுகள் கட்டுவது. 1970இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. 2021இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்றாயிற்று. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கப் புறப்பட்டது. 2024இல் கலைஞரின் கனவு இல்லம், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்ற கணக்கில், 2030க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்ற இலக்கோடு வந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் மாண்டபின் ஓலைக்கூரைக்கு ஆதரவாக வாதாட யாருக்கும் மனம் வராது, எனக்கும் வராது. கூரை மாறத்தான் வேண்டும்.

ஆனால் இத்திட்டங்கள் அனைத்தும் ஆபத்தைக் கூரையில் மட்டுமே காண்கின்றன. கனவு இல்லம் ஊரகத்துக்கானது. சொந்தப் பட்டா மனை வேண்டும். திரேஸ்புரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. நகரத்தில் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் கீழ்ப் பயனாளி தாமே வீடு கட்டிக்கொள்வதானால் அங்கேயும் சொந்த மனை வேண்டும். மனை இல்லாதவருக்கு மிச்சமிருப்பது வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பு, அதாவது நிலம் மலிவாகக் கிடைக்கும் நகர எல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் சென்னையின் மீனவக் குடும்பங்களில் ஒரு பகுதி செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டதை நினைத்துக்கொள்ளலாம். அங்கே கூரை எரியாது. அங்கிருந்து வள்ளத்தையும் பார்க்க முடியாது.

இந்தச் சிக்கல் முழு உருவில் எழுத்தில் பதிந்த ஆவணம் ஒன்று உண்டு: 2005 மார்ச் 30 தேதியிட்ட வருவாய்த் துறை அரசாணை எண் 172. ஆழிப்பேரலையில் வீடிழந்து, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு அது இரண்டு வழிகளைத் திறந்தது. 200 மீட்டருக்கு அப்பால் போனால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புதுவீடு இலவசம். போக விருப்பமில்லை என்றால் பழைய வீட்டைத் தாமே பழுதுபார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. புதுவீடு மனைவி, கணவன் இருவர் பெயரிலும் பதிவாகும் என்ற விதி உண்மையிலேயே பாராட்டத்தக்கது. மீனவக் குடும்பத்துப் பெண்ணின் பெயர் நிலப்பத்திரத்தில் ஏறியது பல ஊர்களில் அப்போதுதான். ஆனால் அதே ஆணையில், புதுவீடு பெறுபவர் பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. கட்டாயம் எதுவுமில்லை, தேர்வு உங்களுடையது என்றது அரசு. மூன்று மாதமாகத் தார் ஷீட் கொட்டகையில் வெந்துகொண்டிருக்கும் குடும்பத்தின் முன் வைக்கப்படும் இத்தகைய தேர்வைத் தேர்வு என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பேரிடர் என்பது கரையை வீட்டுக்கு மாற்றிக்கொள்ளும் பண்டமாற்றுக்கான வாய்ப்பாகிவிட்டது.

இலங்கையில் இது இன்னும் கடுமையாக வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று கட்டடத் தடைவலயம் அறிவித்தார்கள். எதிர்ப்புக்குப் பின் அது தளர்த்தப்பட்டது. வடக்குக்கும் கிழக்குக்கும் மட்டும் கடல் ஏன் இரு மடங்கு ஆபத்தானது என்ற கேள்வியை அங்கிருந்த தமிழர்களும் முஸ்லிம்களும் கேட்காமல் இல்லை.

காட்டுத்தீயால் அழிந்த அமெரிக்க ஊர்களை இங்கே ஒப்பிடுவது வலிந்து செய்வதாகத் தோன்றலாம். 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரை எரித்த தீயில் 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனாவில் 102 பேர் இறந்தார்கள், 2,200க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. இரண்டும் பணக்கார நாட்டு ஊர்கள். காப்பீடு, நீதிமன்றம், இழப்பீட்டு நிதி எல்லாம் உண்டு. அங்கேயும் முதலில் வீட்டை எழுப்பியவர்கள் மனையும் காப்பீடும் சொந்தமாக வைத்திருந்தவர்கள். வாடகைக்கு இருந்தவர்களும் நடமாடும் வீடுகளில் இருந்தவர்களும் சிதறிப்போனார்கள். லஹைனாவின் பூர்வகுடிகள் வீட்டைப் பற்றிப் பேசியதற்கு இணையாக, சாம்பல் ஆறுவதற்குள் நிலத்தை விலைபேசி வந்தவர்களைப் பற்றிப் பேசினார்கள். திரேஸ்புரத்து மூதாட்டி ஒருத்திக்கு இந்தச் செய்தியை எடுத்துச் சொன்னால் விளக்கவுரை தேவைப்படாது.

எதிர்வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கரை உண்மையாகவே ஆபத்தானது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; இலங்கை மறைத்து நின்றதால் தூத்துக்குடி பெரும் உயிரிழப்பிலிருந்து தப்பியது. அடுத்த முறையும் மறைப்பு இருக்கும் என்று சொல்வதற்கில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு ஐம்பது ஆண்டுகளில் பெரும்பகுதி கரைந்து, 2015 முதல் செயற்கைப் பவளப்பாறைகள் இறக்கித்தான் எஞ்சியதைக் காத்துவருகிறார்கள். இதில் கசப்பான உண்மை ஒன்றும் உண்டு. அத்தீவுகளின் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டியெடுத்தவர்களில் இக்கரை மக்களும் இருந்தார்கள். அந்தக் கல்லும் அதிலிருந்து சுட்ட சுண்ணாம்பும் வீடு கட்டப் போயின. வீட்டுக்காகக் கரையின் அரணை உடைத்தது அரசு மட்டுமன்று.

ஆயினும் கரை ஆபத்தானது என்ற வாதம் எல்லார் மேலும் ஒன்றுபோல விழ வேண்டும். துறைமுகமும் அனல்மின் நிலையமும் அதே கரையில்தான் நிற்கின்றன; அவை நீர்முனையைச் சார்ந்த தொழில்கள், ஆகவே விலக்கு என்கிறது சட்டம். வள்ளமும் நீர்முனையைச் சார்ந்த தொழில்தானே? மீனவர் வீட்டை அத்தொழிலின் உறுப்பாகக் கொள்ளாமல், எங்கு வேண்டுமானாலும் பெயர்த்து வைக்கக்கூடிய தங்குமிடமாகக் கொள்வதால்தான் 200 மீட்டர் கோடு அவர் மேல் மட்டும் இறுகுகிறது.

செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், புதுச்சட்டம்கூடத் தேவையில்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே, மாநிலத்தின் கடற்கரை மேலாண்மைத் திட்டத்தில் மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவையைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. தமிழகத்தில் வெளியான வரைவு வரைபடங்களில் அது விடுபட்டிருக்கிறது என்று மீனவர் சங்கங்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கின்றன. திரேஸ்புரத்துக்கு அப்படியொரு படம் வரைவதானால் அதில் குறிக்க வேண்டியவை அவ்வூர்ப் பெண்களுக்கும் படகு உரிமையாளர்களான சம்மாட்டிகளுக்கும் மனப்பாடம்: வள்ளம் ஏற்றும் இடம், வலை விரிக்கும் இடம், ஏலம் போடும் இடம், கருவாடு காயும் மணல், ஓடை பெருகினால் தண்ணீர் ஏறும் தெருக்கள், அந்தத் தெருக்காரர்களை அதே ஊருக்குள் மேட்டில் குடிவைக்கக் கூடிய புறம்போக்கு. பட்டா இல்லாத குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் அதோடு இணைக்கப்பட்டு, ஒரு படி வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒரு படி மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் இருந்தால், ரேஷன் அட்டை எரிந்துபோன குடும்பமும் தான் எங்கே இருந்தது என்று காட்ட முடியும். இரண்டு துறைகளும் அப்போதாவது ஒரே காகிதத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும்.