கங்காணி ஆள் சேர்த்த விதம்



இன்று ஒரு கம்பெனிக்கு ஆள் வேண்டுமென்றால் விளம்பரம் செய்கிறார்கள். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது எப்படி? எழுத்தறியாத கிராமத்து மக்களிடம் எந்த விளம்பரம் செல்லும்? அங்கே ஒரு மனிதனே விளம்பரமாகப் போனான். அவன்தான் கங்காணி.

கங்காணி வெளியாள் அல்லன். தோட்டத்தில் வேலை செய்தவன். துரை அவனிடம் பணமும் அனுமதிச் சீட்டும் கொடுத்து அவன் சொந்த ஊருக்கே அனுப்புவார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு எனப் பல ஜில்லாக்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாமன், மச்சான், பங்காளி என்று உறவுக்காரன் சொல்லும்போது யார் நம்பமாட்டார்கள்? ஊரிலோ பஞ்சம், கடன், பண்ணையாரின் அதிகாரம், சாதிக் கொடுமை. மலாயாவில் மரத்தடியில் பணம் கிடக்கும் என்றுகூடச் சொன்னார்களாம். அதை அப்படியே நம்பியவர்கள் சிலராகத்தான் இருப்பார்கள். ஊரை விட்டுப் போனால் போதும் என்று கிளம்பியவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

கங்காணிக்கு இரண்டு வருமானம். ஆள் கொண்டு வந்ததற்குக் கமிஷன். பிறகு அந்த ஆள் பிரட்டுக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. கமிஷன் அவனைப் பொய் சொல்ல வைத்தது. தலைக்காசு, காய்ச்சலில் கிடந்தவனையும் எழுப்பி வேலைக்கு விரட்ட வைத்தது. நல்ல கங்காணிகளும் இருந்தார்கள். ஆனால் முறையே இப்படி அமைந்திருந்தது.

தொடக்கத்தில் கப்பல் செலவு தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. ஒரு தோட்டம் செலவழித்துக் கொண்டு வந்த ஆளைப் பக்கத்துத் தோட்டம் கூடுதல் சம்பளம் காட்டி இழுத்துக்கொள்ளும். துரைமார்களுக்குள் இதனால் ஓயாத சண்டை. அதற்காகத்தான் 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்த முதலாளிகள் எல்லாரும், ஆள் அனுப்பிச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், அதற்குப் பணம் கட்ட வேண்டும். பயணச் செலவு அதிலிருந்து போயிற்று. துரைமார் தம் சண்டைக்குக் கண்ட மருந்து. ஆனாலும் நம்மவர் கடனில்லாமல் கரையேற அதுவே வழி செய்தது. ஆண்டுக்கணக்கில் ஆளைக் கட்டிப்போட்ட ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது.

1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்திற்குப் பிறகு கண்காணிப்பு கூடிற்று. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் விசாரணை, பிறகு கப்பல், பினாங்கில் தனிமை முகாம்.

காலப்போக்கில் கங்காணி இல்லாமலே மக்கள் நேராக முகாமுக்கு வந்தார்கள். 1930களில் இப்படி வந்தவர்களே மிகுதி. முன்னே போனவர் எழுதிய கடிதமும், திரும்பி வந்தவர் கொண்டு வந்த பணமும் போதுமானதாயிற்று. கடிதத்தில் பொய் எழுதி யாருக்கு என்ன கமிஷன்?

1938இல் தோட்ட முதலாளிகள் ஆண்களின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45ஆகவும், பெண்களுடையதை 40இலிருந்து 36ஆகவும் குறைத்தார்கள். இந்திய அரசாங்கம் அதே ஆண்டு ஜூன் மாதம், உதவிப் பணத்தில் தொழிலாளர் மலாயா செல்வதைத் தடை செய்தது. கங்காணியின் அனுமதிச் சீட்டுக்கு அதன்பின் வேலையில்லை.